மசி வெளுத்த கதை

நாய்க்குட்டி மசியை வீட்டுக்குத் தூக்கி வந்தபோது அவளுக்கு இரண்டு மாதம். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்தினால் அதற்குள் அடங்கிவிடுவாள். உடம்பில் ஓரிடத்தில்கூட வேறு நிறம் கிடையாது. மூக்கு, உதடு, நகம், மீசை எல்லாம் ஒரே கறுப்பு. மைப்புட்டியைக் கவிழ்த்துவிட்ட மாதிரி தரையில் பரவிக் கிடப்பாள் என்பதால்தான் அந்தப் பெயர். இரவில் விளக்கைப் போடாமல் நடந்தால் அவள் எங்கே படுத்திருக்கிறாள் என்பது கால் பட்ட பிறகுதான் தெரியும். இரண்டு தடவை நன்றாகவே மிதித்திருக்கிறேன்.

நான்கு வயது முடிகிற சமயத்தில் அவளுடைய கீழ்த்தாடையில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. சுவரில் உரசி ஒட்டிக்கொண்டிருக்கும் என்று ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை. தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் நரை. பத்துப் பதினைந்து முடி இருக்கும். அடுத்த ஆறு மாதத்தில் உதட்டோரம், அப்புறம் மூக்குக்கு மேலே, பிறகு கண்ணைச் சுற்றி மெல்லிய கண்ணாடிச் சட்டம் போல ஒரு வட்டம். ஐந்து வயதில் அவளைப் பார்த்த எல்லோரும் "ரொம்ப வயசாயிடுச்சோ?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கும் காதோரம் வெளுக்கத் தொடங்கியது அதே காலத்தில்தான். அப்போது எனக்கு 36. வீடியோ காலில் எங்கள் இருவர் முகத்தையும் சேர்த்துப் பார்த்த அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நீ கவலைப்பட்டு நரைச்சது போதாதுன்னு அந்த வாயில்லா ஜீவனையும் நரைக்க வெச்சுட்டியேடா!"

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் அந்த வருஷம் நான் வேலை மாறியிருந்தேன். வீட்டிலிருந்தபடியே பார்த்த வேலையை விட்டுவிட்டு, காலையில் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புகிற வேலைக்குப் போயிருந்தேன். மசி பகல் முழுக்கத் தனியாகக் கிடந்தாள். கதவைக் கீறி வைத்திருந்தாள். இரண்டு ஜோடிச் செருப்பைப் பிய்த்துப் போட்டிருந்தாள். அதனால் அக்கா சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. என் நரைக்கு யார் காரணம் என்று நான் யோசித்ததே இல்லை. நாயின் நரைக்கு நான் காரணமா என்பது மட்டும் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. அப்படித் தொடங்கிய வாசிப்பு இது.

ஒரு சின்னச் சங்கடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நமக்கு இருப்பது முடி, நாய்க்கு இருப்பது ரோமம். மயிர் என்று எழுதினால் சிலர் சண்டைக்கு வருவார்கள். ஆனால் முடி முளைக்கிற அந்தச் சின்னக் குழிக்கு மயிர்க்கால் என்பதைவிட நல்ல சொல் தமிழில் இல்லை. இந்தக் கதை முழுக்க அங்கேதான் நடக்கிறது என்பதால் அந்தச் சொல் அடிக்கடி வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரில்லாத பொருள். கெரட்டின் என்ற புரதத்தாலான இழை. அதற்கு நரம்பும் இல்லை, இரத்தமும் இல்லை. கறுப்பாக வெளியே வந்த முடி தானாக வெளுத்துவிடாது. வெயிலோ ரசாயனமோ பட்டால் கொஞ்சம் மங்கலாம், அவ்வளவுதான். நரை என்பது மயிர்க்காலின் அடியில், முடி உருவாகும்போதே முடிவாகிவிடுகிற விஷயம். அடியில் இருக்கும் வேர்க்குமிழில் நிறமிச் செல்கள் உட்கார்ந்திருக்கும். மெலனோசைட் என்பார்கள். டைரோசின் என்ற அமினோ அமிலத்தை எடுத்து மெலனின் தயாரித்து, பக்கத்தில் முடியாக மாறிக்கொண்டிருக்கும் செல்களுக்குள் அதைப் பொட்டலம் பொட்டலமாகத் தள்ளிவிடுவதுதான் அவற்றின் வேலை. மெலனினில் இரண்டு வகை. கறுப்பும் பழுப்பும் தருவது யூமெலனின், மஞ்சளும் செம்மையும் தருவது ஃபியோமெலனின். மசியின் கறுப்பும் என் கறுப்பும் அந்த முதல் வகைச் சரக்குதான். சரக்கு வராவிட்டாலும் முடி வளர்வது நிற்காது. வெறும் கெரட்டினாக, வெள்ளையாக வளர்ந்துகொண்டே இருக்கும். வெள்ளைச் சாயம் என்று ஒன்று உடம்பில் எங்குமே கிடையாது. தூரத்திலிருந்து சாம்பலாகத் தெரிவதும் பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையும் கலந்து நம் கண் போடுகிற கணக்குதான்.

சரி, சரக்கு ஏன் நிற்கிறது?

மயிர்க்கால் ஓயாமல் வேலை செய்கிற இடமல்ல. கொஞ்ச காலம் வளர்க்கும், பிறகு சுருங்கும், பிறகு ஓய்வெடுக்கும், பழைய முடியை உதிர்த்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். மனிதத் தலையில் வளர்ச்சிக் கட்டம் மட்டும் இரண்டிலிருந்து ஆறு வருஷம் வரை ஓடும். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் மயிர்க்காலின் கீழ்ப்பாதி இடிந்து போகிறது. அங்கே இருந்த நிறமிச் செல்களும் அதோடு அழிகின்றன. அடுத்த சுற்றுக்குப் புது ஆட்கள் வேண்டும். அவர்கள் வருவது மேலே, மயிர்க்காலின் நடுவில் உள்ள ஒரு புடைப்பிலிருந்து. அங்கே நிறமி ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகுதி கீழே இறங்கி நிறமிச் செல்லாகும், மற்றவை அங்கேயே தங்கி இருப்பைக் காக்கும். விதைநெல்லை எடுத்து வைத்துவிட்டு மீதியை விதைப்பது போல. இந்த இருப்புக்கு என்ன ஆகிறது என்பதை எமி நிஷிமுராவும் டேவிட் ஃபிஷரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு காட்டிக்கொடுத்தது. வயது ஆக ஆக அந்த இருப்பு குறைகிறது. சில ஸ்டெம் செல்கள் கீழே இறங்கும்வரை காத்திருக்காமல், புடைப்பிலேயே நிறமிச் செல்லாக முற்றிவிடுகின்றன. தப்பான இடத்தில் முளைத்துவிட்ட விதை. அது அடுத்த சுற்றுக்கு உதவாது. இருப்பு தீர்ந்த மயிர்க்காலில் பிறகு வருவதெல்லாம் வெள்ளைதான்.

2023-இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று இதில் இன்னொரு திருப்பத்தைக் கண்டது. அந்த ஸ்டெம் செல்கள் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பவை அல்லவாம். மயிர்க்காலுக்குள் மேலும் கீழும் போய்வந்து, போகிற இடத்துக்கு ஏற்பக் கொஞ்சம் முதிர்ந்தும் மறுபடி இளமையாகியும் மாறிக்கொண்டிருப்பவை. எலிகளின் முடியைத் திரும்பத் திரும்பப் பிடுங்கி வளரவிட்டு, மயிர்க்கால்களைச் செயற்கையாக மூப்படைய வைத்தார்கள். அப்போது ஏறக்குறைய பாதி மயிர்க்கால்களில் ஸ்டெம் செல்கள் புடைப்பிலேயே மாட்டிக்கொண்டன. சாகவில்லை. நகரத்தான் முடியவில்லை. இதைப் படித்த அன்று எனக்கு ஏனோ கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தீர்ந்துபோனது என்பதற்கும் சிக்கிக்கொண்டது என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டல்லவா? நரையைத் திருப்பும் மருந்து என்று எதையாவது விற்க வருபவர்களும் இதையே பிடித்துக்கொண்டு வருவார்கள் என்பதும் உடனே தோன்றியது. எலி ஆய்வுக்கும் கடைப் புட்டிக்கும் நடுவில் தூரம் அதிகம்.

இன்னொரு காரணத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முடியை வெளுக்க வைக்க ஹைட்ரஜன் பெராக்சைடு தடவுவார்கள், தெரியும்தானே? அதே பெராக்சைடை மயிர்க்காலும் சிறிதளவு உண்டாக்குகிறது. இளமையில் கேட்டலேஸ் என்ற நொதி அதை உடனுக்குடன் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் உடைத்துவிடும். வயதாக ஆக அந்த நொதி குறைகிறது. தேங்கிய பெராக்சைடு மெலனின் தயாரிக்கும் டைரோசினேஸ் என்ற நொதியையே முடக்குகிறது. 2009-இல் பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனித முடியில் இதைக் காட்டினார்கள். அதாவது ஒரு பக்கம் நாம் காசு கொடுத்து மை அடித்துக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் உடம்பு உள்ளேயிருந்து இலவசமாக வெளுத்துக்கொண்டிருக்கிறது.

இதுவரை சொன்னதில் நாய்க்கும் மனிதனுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. மயிர்க்கால், நிறமிச் செல், அவற்றுக்குப் புது ஆட்களை அனுப்பும் ஸ்டெம் செல், எல்லாம் பாலூட்டிகளுக்குப் பொதுவான ஏற்பாடு. வேறுபடுவது சுற்றின் வேகமும் நரை தொடங்கும் இடமும்தான். நம் தலையில் உள்ள சுமார் ஒரு லட்சம் முடியில் பெரும்பகுதி எந்த நேரத்திலும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. பல நாயினங்களில் இது தலைகீழ். பெரும்பாலான ரோமம் ஓய்வில் இருக்கும். குறிப்பிட்ட நீளம் வந்ததும் நின்றுவிடும், அப்புறம் பருவத்தில் கொத்துக் கொத்தாக உதிரும். பூடில் விதிவிலக்கு. அதன் ரோமம் நம் முடி போல வளர்ந்துகொண்டே இருப்பதால்தான் அதற்கு முடி வெட்டவேண்டியிருக்கிறது.

இதை வைத்து நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மசியின் ரோமம் வருஷத்துக்கு ஒரு சுற்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 வருஷத்தில் 8 சுற்று. என் தலைமுடி 5 வருஷத்துக்கு ஒரு சுற்று என்றால் 40 வயதில் எனக்கும் 8. அடடா, பொருந்துகிறதே என்று துள்ளினேன். அரை மணி நேரம்தான் அந்தச் சந்தோஷம். புருவ முடியின் சுற்று சில மாதங்களிலேயே முடிந்துவிடும். என் கணக்குப்படி தலைக்கு வெகு முன்பே புருவம் வெளுத்திருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலானவர்களுக்குத் தலை நரைத்துப் பல வருஷம் ஆன பிறகும் புருவம் கறுப்பாகத்தான் இருக்கிறது. ஆண்களுக்குக் காதோரத்திலும் தாடியிலும் முதலில் வெளுக்கிறது, பிடரியில் கடைசியாக. நாய்க்கு மூஞ்சியிலும் கண்ணைச் சுற்றியும் முதலில், முதுகில் வெகுநாள் கழித்து. ஒவ்வொரு மயிர்க்காலும் ஒரே உடம்பில் தனித்தனிக் குடித்தனம் நடத்துகிறது. என் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நாய்களிடம் காணும் எல்லா வெள்ளையும் நரையல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நிறைய நாய்களுக்கு நெஞ்சிலும் கால் விரலிலும் பிறவியிலேயே வெள்ளை இருக்கும். கருவில் நிறமிச் செல்களின் முன்னோடிகள் முதுகுப் பக்கம் உருவாகி, அங்கிருந்து உடம்பின் இரு பக்கமும் இறங்கிப் பரவுகின்றன. நெஞ்சும் விரலும் மூக்கு நுனியும் அவை போய்ச் சேரவேண்டிய கடைக்கோடிகள். போதுமான செல்கள் அங்கே போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வெள்ளையாகவே பிறக்கும். அது ஆள் வந்து சேராத வெள்ளை. நரை, வந்த ஆள் போய்விட்ட வெள்ளை. மசிக்கு அந்த முதல் வகை ஒரு துளியும் இருந்ததில்லை. அதனால்தான் இரண்டாவது வந்தபோது அவ்வளவு பளிச்சென்று தெரிந்தது.

இனி அக்காவின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன்.

கவலைக்கும் நரைக்கும் முடிச்சுப் போடுவது பழைய வழக்கம். இத்தனை வயதாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு, வீட்டிலும் ஊரிலும் நிம்மதி இருக்கிறது, அதனால் நரைக்கவில்லை என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய நம் புலவர் ஒருவர் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் பெயரை நான் எழுதாமலே உங்களுக்குத் தெரியும். இதற்கு நேரெதிர்க் கதை பிரான்சின் அரசி மரி அந்துவானெத்துடையது. 1793-இல் கில்லட்டினில் தலை போனபோது அவருக்கு வயது 37. புரட்சிக் காலத்து அச்சத்தில் அவருடைய முடி ஒரே இரவில் வெளுத்துவிட்டது என்று இன்றுவரை பேச்சு. முடி உயிரற்ற இழை என்பதை நினைத்தால் இது நடக்காது. ஒரே இரவில் நடக்காவிட்டாலும், வேகமாக வெளுத்த மாதிரி தோன்றுவதற்கு ஒரு வழி உண்டு. அலோபீசியா ஏரியேட்டா என்ற நோயில் உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்களே மயிர்க்காலைத் தாக்கும். நிறமுள்ள முடியை அது அதிகம் குறிவைப்பதால், கலப்பாக நரைத்த தலையில் கறுப்பு மட்டும் கொட்டி வெள்ளை மிச்சமாகலாம். பார்ப்பவருக்குத் தலை திடீரென்று நரைத்த மாதிரி இருக்கும். சிறையில் மை கிடைக்கவில்லை என்பது இதைவிட எளிய விளக்கம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

ஆனால் கவலை நரைக்க வைக்கும் என்பதை வெறும் பேச்சென்று தள்ளிவிட முடியாது. 2020-இல் ஹார்வர்டில் யா-சியே ஷூ என்பவரின் குழு கறுப்பு எலிகளை வைத்துச் செய்த ஆய்வு நான் படித்ததிலேயே சுவாரசியமானது, கொஞ்சம் கொடூரமானதும்கூட. எலிகளுக்கு மிளகாய்க் காரம் போன்ற ஒரு பொருளை ஊசியில் ஏற்றி வலியுண்டாக்கினார்கள். சில நாட்களிலேயே நிறமி ஸ்டெம் செல்கள் காணாமல் போயின, பிறகு வந்த ரோமம் வெள்ளை. யார் செய்த வேலை? நோய் எதிர்ப்புச் செல்கள் என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். அவை இல்லாத எலிகளும் நரைத்தன. கார்டிசால் என்ற ஹார்மோனாக இருக்கும் என்று, அதைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் நரைத்தன. கடைசியில் அகப்பட்டது நரம்பு. ஓடு அல்லது சண்டைபோடு என்று உடம்பை உசுப்புகிற அந்தப் பரிவு நரம்புகளின் கிளை ஒவ்வொரு மயிர்க்காலையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து கொட்டும் நார்அட்ரினலின் ஸ்டெம் செல்களை ஒரே அடியாக உசுப்பிவிட, அவை எல்லாம் இருப்பை விட்டுக் கிளம்பிவிடுகின்றன. விதைநெல்லையும் சேர்த்து ஒரே நாளில் விதைத்த கதை. அடுத்த போகத்துக்கு ஒன்றுமில்லை.

மனிதர்களிடம் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் பிகார் குழு வேறுமாதிரி தேடியது. 14 பேரிடம் முடிகளைப் பிடுங்கி, அதன் நீளவாக்கில் நிறம் எங்கே மாறுகிறது என்று நுணுக்கமாக ஸ்கேன் செய்தார்கள். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே முடி ஒரு நாட்குறிப்பு மாதிரி. எந்த இடத்தில் எந்த வாரம் என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம். அந்த 14 பேரும் தங்கள் வாழ்க்கையில் நெருக்கடி எப்போது இருந்தது என்று குறித்துக் கொடுத்தார்கள். 2021-இல் வெளிவந்த முடிவில், நரைக்கத் தொடங்கிய சில முடிகள் பாதியில் மறுபடி கறுத்திருந்தன. ஒருவர் விடுமுறைக்குப் போன சமயத்தில் அவருடைய ஐந்து முடிகள் ஒன்றாகக் கறுப்புக்குத் திரும்பியிருந்தன. உடனே பெட்டியைக் கட்டிவிடாதீர்கள். நரைக்கும் எல்லையில் ஊசலாடிக்கொண்டிருக்கும் முடிக்குத்தான் இது என்று அந்த ஆய்வாளர்களே சொல்கிறார்கள். எழுபது வயதில் முழுக்க நரைத்த தலை உல்லாசப் பயணத்தால் கறுத்துவிடாது.

எலிக்கு ஆயிற்று, மனிதனுக்கு ஆயிற்று. நாய்க்கு?

இருந்தது. 2016-இல் வந்த ஆய்வு, அமெரிக்காவின் கொலராடோவில் நடந்தது. ஆய்வாளர்களில் ஒருவர் விலங்குகளின் நடத்தை குறித்துப் பேர்பெற்ற டெம்பிள் கிராண்டின். 1 முதல் 4 வயது வரையுள்ள 400 நாய்கள், அதாவது நரைக்கக் கூடாத வயது. மூஞ்சி வெளிர்நிறமாக இருந்தால் நரை தெரியாது என்பதால் அந்த நாய்களை விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு நாயையும் நேருக்கு நேர் படமெடுத்து, நரைக்கு 0-விலிருந்து 3 வரை மதிப்பெண் போட்டார்கள். வளர்ப்பவர்களிடம் கேள்வித்தாள் ஒன்று. தனியே விட்டால் பொருட்களை நாசம் செய்யுமா, கூட்டத்தைக் கண்டால் ஒடுங்குமா, ஆள்மேல் பாயுமா, ஓடி விளையாடிய பிறகும் அடங்காமல் திரியுமா என்று பல கேள்விகள். ஆய்வு எதைப் பற்றியது என்பது வளர்ப்பவருக்குத் தெரிந்துவிடாதபடி, பின்னங்காலில் கூடுதல் விரல் இருக்கிறதா என்பது போன்ற சம்பந்தமில்லாத கேள்விகளும் நடுவில் செருகியிருந்தார்கள். பதில் எனக்குச் சாதகமாக இல்லை. பதற்றமும் அடங்காத சுபாவமும் உள்ள நாய்களுக்கு நரை அதிகம். பெரிய சத்தத்துக்கும் புது ஆட்களுக்கும் புது விலங்குகளுக்கும் பயப்படுகிற நாய்களுக்கும் அதிகம். பெட்டை நாய்களுக்கு ஆண் நாய்களைவிட அதிகம். நாயின் அளவுக்கும், கருத்தடை செய்ததா என்பதற்கும், உடல்நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை.

பெட்டை. இடி இடித்தால் மேசைக்கடியில் போய் ஒடுங்குபவள். தனியே விட்டால் செருப்பைக் கிழிப்பவள். கேள்வித்தாளை நான் நிரப்பியிருந்தால் மசி முழு மதிப்பெண் வாங்கியிருப்பாள். கஷ்டப்பட்டதைச் சொல்ல நாய்படாத பாடு என்கிறோம். அப்படியென்றால் நாய் படுகிற பாடு என்ன என்பதை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

இரண்டு நாள் மனசு சரியில்லை. பிறகு நிதானமாக யோசித்தேன். அந்த ஆய்வு, பதற்றமும் நரையும் சேர்ந்து வருவதைத்தான் காட்டியது. எது எதைக் கொண்டுவந்தது என்பதை அல்ல. பயந்த சுபாவம் பிறவியிலேயே வரலாம், நரையும் பிறவியிலேயே எழுதிவைத்ததாக இருக்கலாம். மனிதர்களிடம் நரைக்கும் ஐ.ஆர்.எஃப்.4 என்ற மரபணுவுக்கும் உள்ள தொடர்பை 2016-இல் லத்தீன் அமெரிக்கர்கள் 6,000-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து காட்டினார்கள். முடியின் நிறத்தோடு தொடர்புள்ளதாக முன்பே தெரிந்த மரபணுதான் அது. என் அப்பாவுக்கு முப்பதிலேயே காதோரம் வெளுத்துவிட்டது என்பதை அக்கா வசதியாக மறந்துவிட்டாள். குதிரைகளில் இது இன்னும் அப்பட்டம். கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, ஆறேழு வருஷத்தில் முழு வெள்ளையாகிவிடும் குதிரைகள் உண்டு. ஒரு மரபணுப் பகுதி இரட்டித்துப்போனதுதான் காரணம் என்று 2008-இல் கண்டுபிடித்தார்கள். அந்தக் குதிரைக்கு ஒரு கவலையும் வேண்டாம், வெளுத்துவிடும். நாய்களிலும் கெர்ரி புளூ டெரியர், பெட்லிங்டன் டெரியர் போன்றவை கறுப்பாகப் பிறந்து குட்டிப் பருவத்திலேயே சாம்பலாக மாறிவிடுகின்றன. அது மூப்பே அல்ல.

வயதும் நாம் நினைக்கிற வயது அல்ல. நாய்க்கு ஒரு வருஷம் மனிதனுக்கு ஏழு வருஷம் என்பது வாய்க்கணக்கு. 2020-இல் சான்டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தினர் 104 லாப்ரடார் நாய்களின் டி.என்.ஏ.வில் வயதோடு மாறும் ரசாயனக் குறிகளை மனிதர்களுடையவற்றோடு ஒப்பிட்டு ஒரு சூத்திரம் போட்டார்கள். நாயின் வயதுக்கு இயல் மடக்கை எடுத்து, 16-ஆல் பெருக்கி, 31-ஐக் கூட்ட வேண்டும். நாய் முதலில் ஓட்டமாக ஓடி மூப்படைகிறது, பிறகு நடக்கிறது. இதன்படி ஒரு வயது நாய்க்கு மனிதக் கணக்கில் 31. நான்கு வயதுக்கு 53! மசி லாப்ரடார் அல்ல, இனம் தெரியாத கலப்பு, அதனால் அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் எனக்கு 36 ஆனபோது அவள் என்னைவிடப் பதினேழு வயசு மூத்தவளாகியிருக்கலாம். அக்காவுக்கே அக்கா. உலகம் முழுக்க 4,192 பேரின் தலையைப் பார்த்து 2012-இல் வெளியான கணக்கெடுப்பில், 45 முதல் 65 வயதுக்குள் 74 சதவீதம் பேருக்குக் கொஞ்சமாவது நரை இருந்தது. ஐம்பத்து மூன்று வயது அம்மாளுக்கு மோவாயில் பத்து வெள்ளை முடி என்றால் அதில் என்ன அதிசயம்? ஐம்பது வயதில் பாதிப் பேருக்குப் பாதித் தலை நரைத்துவிடும் என்று சொல்வார்களே, அதுவும் அந்தக் கணக்கெடுப்பில் அடிபட்டுப் போயிற்று. அந்த அளவு நரைத்தவர்கள் இடத்துக்கு இடம் 6 முதல் 23 சதவீதம்தான்.

நம் நெருங்கிய சொந்தமான சிம்பன்சிகளுக்கும் நரைக்கும். ஆனால் நடுவயது வரை கூடி, அதற்குமேல் அப்படியே நின்றுவிடுகிறது என்று 2020-இல் ஒரு ஆய்வு சொன்னது. நரையைப் பார்த்துக் கிழச் சிம்பன்சியை அடையாளம் காண முடியாது. ஆண் கொரில்லாவின் முதுகு வெள்ளியாவது முதிர்ச்சியின் அடையாளம், தளர்ச்சியின் அடையாளமல்ல. நரை, திரை, மூப்பு என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியவர்கள் நாம். முதலாவது மற்ற இரண்டோடும் அவ்வளவு ஒட்டிப் போவதில்லை.

இன்னொன்றும் படித்தேன். நிஷிமுராவின் குழு 2025-இல் எலிகளில் கண்டது. டி.என்.ஏ. மோசமாக உடைந்த நிறமி ஸ்டெம் செல்கள் முதிர்ந்து இருப்பிலிருந்து விலகிவிடுகின்றன. மயிர்க்காலுக்கு நரை. சில புற்றுநோய்க் காரணிகள் பட்டால், உடைந்த நிலையிலும் அவை விலகாமல் தொடர்ந்து பெருகுகின்றன. அங்கே மெலனோமா என்ற புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. கெட்டுப்போன செல் தானாக ஒதுங்கிக்கொண்டதன் தடம்கூடச் சில நரையில் இருக்கலாம் என்றாகிறது. நரைத்தவர்களுக்குப் புற்றுநோய் வராது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வெளுத்துப்போகும் அந்தக் குதிரைகளுக்கே வயதான காலத்தில் மெலனோமா மிக அதிகம்.

மசியை மருத்துவரிடமும் காட்டினேன். அவர் பல்லைப் பார்த்தார், இதயத்தைக் கேட்டார், எடை போட்டார், "நல்லா இருக்கா. நரைச்சிருக்கா, அவ்வளவுதான்" என்றார். அப்புறம் என் தலையைப் பார்த்து, "உங்களுக்கும் ஒரு பி12 பார்த்துடுங்க சார்" என்றார். நாய் டாக்டர் எனக்குச் சொன்ன வைத்தியம். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. இளம் வயது நரைக்குப் பின்னால் சில சமயம் வைட்டமின் பி12 குறைவோ தைராய்டு கோளாறோ இருக்கும், புகைபிடிப்பதும் சேர்ந்துகொள்ளும். நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 25 வயதுக்கு முன் வந்தால்தான் அதை இளநரை என்கிறார்கள். எனக்கு அந்தத் தகுதியும் இல்லை. பரிசோதனையில் எல்லாம் சரியாகவே இருந்தது.

போன மாதம் பழைய போனிலிருந்து படங்களைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். மசி மல்லாந்து படுத்துத் தூங்கும் படம் ஒன்று. தாடை மேலே பார்த்தபடி இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். நாலு வெள்ளை முடி, தெளிவாக. தேதியைப் பார்த்தேன். நான் வேலை மாறுவதற்கு மூன்று மாதம் முன்பு. அதாவது நான் நாள் முழுக்க வீட்டிலேயே, அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்த்த காலம்.

படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். தேதியையும் வட்டம் போட்டு அனுப்பினேன். பதில் உடனே வந்தது: "சரி, நாலு முடிக்கு நீ காரணமில்ல. மீதிக்கு?"

அதற்கு என்னிடம் படம் இல்லை.

மசிக்கு இப்போது ஒன்பது வயது. வெள்ளை நெற்றிவரை ஏறிவிட்டது. முன்னங்கால் விரல்களிலும் வந்துவிட்டது. முதுகு மட்டும் அதே பழைய மை. நேற்று இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன், விளக்கைப் போடவில்லை. நடைவழியில் தரைக்கு ஒரு சாண் உயரத்தில், வெளிறிய ஒரு முகம் மட்டும் என் பக்கம் திரும்பியது. சுற்றிக்கொண்டு போனேன். அவளை மிதித்துப் பல வருஷமாகிறது.